பாத்திமா யாருடைய பெயர்?

'கருக்கு' எழுதிய பாமாவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் பவுஸ்தினா மேரி பாத்திமா ராணி. தென் தமிழகக் கிராமம் ஒன்றில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்தப் பெயருக்குள் பாத்திமா எப்படி வந்தது?

பாத்திமா அரபுப் பெயர். பால்குடி மறக்கச் செய்வதைக் குறிக்கும் வேர்ச்சொல்லில் பிறந்தது. நபிகள் நாயகத்தின் மகள் பெயர் என்பதால்தான் அது உலகெங்கும் பரவியது. ஆனால் நபிகளின் தந்தையைப் பெற்றவரும் பாத்திமா, மருமகன் அலியைப் பெற்றவரும் பாத்திமா. இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே மக்காவில் புழங்கிய பெயர் அது. பின்னாளில், அந்த மகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட பாத்திமிய அரசர்கள் வட ஆப்பிரிக்காவை ஆண்டார்கள். 969-இல் கெய்ரோவை நிறுவியவர்களும் அவர்களே. துருக்கியில் ஃபத்மா, மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபாத்து, கேரளத்தில் பாத்தும்மா என்று ஊருக்கு ஊர் பெயர் உருமாறியது.

அரபு ஆட்சி நடந்த போர்த்துகலில் ஓர் ஊருக்கே பாத்திமா என்று பெயர். 1917-இல் மே முதல் அக்டோபர் வரை அன்னை மரியாள் தங்களுக்குக் காட்சி தந்ததாக அங்கே ஆடு மேய்த்த மூன்று சிறார்கள் சொன்னார்கள். ஊர்ப்பெயர் மாதாவின் பெயரானது. பாத்திமா அன்னைக்குத் தமிழ்நாட்டிலும் ஆலயங்கள் எழுந்தன. மதுரையில் 1953-இல் கன்னியர் தொடங்கிய கல்லூரிக்குப் பாத்திமா கல்லூரி என்றே பெயர். கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைகளுக்கும் அதைச் சூட்டினார்கள்.

1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவி முஸ்லிம். பாமாவோ கிறிஸ்தவர். பெயரைக் கேட்டதுமே மதத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இவ்விருவரில் ஒருவரிடமாவது தோற்பார்கள். கணக்கு சரியாகவே வந்தாலும், அதை வைத்து வீடோ வேலையோ மறுப்பது அநியாயம்தான்.

மாற்றுவழி கடினமல்ல. பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவரின் பெயர் தெரியாது. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களும் முதல்கட்டத்தில் பெயரை மறைத்துவிட்டு விண்ணப்பங்களைப் பார்க்கலாம். வாடகைக்கு வீடு விடுகிறவர் வேலை என்ன, எத்தனை பேர், முன்பணம் எப்போது என்று கேட்கட்டும். பெயரை ஒப்பந்தம் எழுதும்போது கேட்டுக்கொள்ளலாம்.