மூக்கடைப்பு ஸ்பிரே: 5 நாள் மருந்து 5 மாதப் பழக்கமாக மாறுவது எப்படி?

ராத்திரி 2 மணி. மூக்கு முழுசா அடைப்பு. வாயைத் திறந்து மூச்சு விட்டதில் தொண்டை வறண்டு முழிப்பு வருகிறது. கை தானாகத் தலையணைக்கு அடியில் போகிறது. பக்கத்துக்கு ஒரு ஸ்பிரே. சில நிமிஷத்தில் மூக்கு திறக்கிறது, தூக்கமும் வருகிறது.

இது உங்களுக்குப் பழக்கமான காட்சியா? எனக்கும்தான். கல்லூரிக் கடைசி வருஷத்தில் ஒரு மார்கழிச் சளிக்காக வாங்கிய ஸ்பிரே, சித்திரை வெயிலிலும் என் பையில் இருந்தது. கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா மூக்கு அடைக்குது?" என்பது இல்லை. "எத்தனை நாளா ஸ்பிரே அடிக்கிறீங்க?" என்பதுதான்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. நாள்பட்ட சைனஸ் தொல்லைக்கு ஸ்பிரே நல்ல மருந்து. ஆனால் எந்த ஸ்பிரே, எத்தனை நாள், எப்படி அடிப்பது என்று தெரியாவிட்டால் அதே ஸ்பிரே தொல்லையை வளர்க்கும்.

முதலில், மூக்கு ஏன் அடைக்கிறது?

மூக்கடைப்பு என்றாலே உள்ளே சளி கட்டியிருக்கிறது என்று நினைக்கிறோம். பாதி உண்மைதான். மூக்கின் உள்சுவரில் டர்பினேட் எனப்படும் மடிப்புகள் இருக்கின்றன. அவற்றின் சதைக்குள் நிறைய ரத்தக்குழாய்கள். சளி, அலர்ஜி, தூசு, புகை என ஏதாவது சீண்டினால் அந்தக் குழாய்களில் ரத்தம் நிரம்பி மடிப்புகள் வீங்குகின்றன. காற்றுப் போகும் வழி சுருங்குகிறது. படுத்தால் அந்த வீக்கம் கூடும். ராத்திரியில் தொல்லை அதிகமாவது அதனால்தான். எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு போகாமல் இருப்பதும் இதனால்தான். சிந்தி வெளியேற்ற அங்கே ஒன்றும் இல்லை, வீங்கியிருப்பது சதை.

இந்த அடைப்பு, சளி ஒழுகுதல், முகத்தில் கனம், வாசனை தெரியாமல் போவது போன்றவை 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்ற கோணத்தில் பார்க்கிறார்கள்.

ஸ்பிரே எல்லாம் ஒன்றா?

இல்லை. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. மருந்துக்கடையில் "மூக்கு ஸ்பிரே கொடுங்க" என்றால் வருவது முற்றிலும் வேறுபட்ட வேலை செய்யும் மருந்துகளில் ஏதோ ஒன்று.

முதல் வகை, உடனடி நிவாரணம் தருவது. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று லேபிளில் இருக்கும். ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சில நிமிஷத்தில் மூக்கைத் திறக்கும்.

இரண்டாவது, ஸ்டீராய்டு ஸ்பிரே. ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு ஆகியவை இதில் வரும். அழற்சியையே குறைப்பது இவற்றின் வேலை. அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. முழுப் பலன் தெரிய பல நாள், சிலருக்கு 2 வாரம்கூட ஆகும்.

மூன்றாவது, அலர்ஜிக்கான அசெலாஸ்டின் போன்றவை. தும்மலும் மூக்கொழுகலும் சேர்ந்த அடைப்புக்கு மருத்துவர்கள் தருவது. தொண்டையில் இறங்கினால் கசக்கும்.

நான்காவது, சலைன். வெறும் உப்பு நீர். சளியையும் தூசையும் கழுவும். பழக்கமாகாது.

ஒரே பிராண்ட் பெயரில் சலைனும், ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் தனித்தனி பாட்டில்களில் விற்கப்படுகின்றன. அதனால் பெட்டியின் நிறத்தையும் பெயரையும் நம்பாதீர்கள். சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

5 நாளைத் தாண்டினால் என்ன ஆகும்?

முதல் வகை ஸ்பிரேயில்தான் சிக்கல். தொடர்ந்து அடிக்கும்போது ரத்தக்குழாய்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடுகின்றன. ஆரம்பத்தில் பல மணி நேரம் திறந்திருந்த மூக்கு, பிறகு சீக்கிரமே அடைக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் வீக்கம் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். திரும்ப அடிப்போம். கொஞ்ச நாளில் மூக்கை அடைப்பது சளியா, ஸ்பிரேயா என்றே தெரியாது. மருத்துவத்தில் இதற்கு ரைனைட்டிஸ் மெடிக்காமென்டோசா என்று பெயர். அதாவது மருந்தே உண்டாக்கும் மூக்கு அழற்சி.

எப்படிக் கண்டுபிடிப்பது? சளி போய்விட்டது. தும்மல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. ஆனால் அடைப்பு மட்டும் விடவில்லை. ஸ்பிரே இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியவில்லை. ஆபீஸ் டிராயரில் ஒன்று, பைக் டேங்க் பையில் ஒன்று என்று ஸ்டாக் வைக்கிறீர்கள். அப்படியானால் சந்தேகப்படலாம்.

இது மனபலம் இல்லாத குணக்கேடு கிடையாது. மூக்கில் நடக்கும் உடலியல் மாற்றம். அதனால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

நாள் கணக்கு பற்றி என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவில் ஆக்சிமெட்டாசோலின் ஸ்பிரே லேபிளில் 3 நாளுக்கு மேல் வேண்டாம் என்றே எழுதியிருக்கும். இந்தியாவில் 2022 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என 16 மருந்துகளை அது பட்டியலிட்டது. ஆக்சிமெட்டாசோலினும் சைலோமெட்டாசோலினும் அதில் இருந்தன. கூடவே ஒரு நிபந்தனை: 5 நாளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, குணமாகாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நடைமுறையில், சீட்டு இல்லாமல் ஸ்பிரே வாங்குவது இன்றும் சர்வசாதாரணம். ஆனால் அந்த 5 நாள் விஷயத்தை கவுன்ட்டரில் யாரும் சொல்வதில்லை. ஒரு பாட்டிலில் 5 நாளுக்குத் தேவையானதைவிட அதிக மருந்து இருக்கிறது. மிச்சம் இருக்கிறதே என்று அடிப்பதில்தான் பலருக்கும் பழக்கம் தொடங்குகிறது.

மாத்திரை போட்டால் போதாதா?

சளி மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் ஃபினைல்எஃப்ரின் பற்றி ஒரு முக்கியமான திருப்பம் நடந்திருக்கிறது. வாய்வழியாக எடுக்கும் ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்குப் பலன் தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு செய்தது. 2024 நவம்பரில், கடைகளில் நேரடியாக விற்கும் மருந்துகளில் இருந்து அதை நீக்கலாம் என்று நிர்வாகம் முன்மொழிந்தது. பாதுகாப்பில் பிரச்சனை என்று அவர்கள் சொல்லவில்லை. வேலை செய்யவில்லை என்பதுதான் காரணம். மூக்கில் அடிக்கும் வடிவத்துக்கு இந்த முடிவு பொருந்தாது.

இந்தியாவில் 2023 டிசம்பரில் வேறொரு உத்தரவு வந்தது. குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் உத்தரவு.

மாத்திரை கேட்கவில்லை என்று ஸ்பிரேக்குப் போகிறவர்கள் நிறைய. போகலாம், ஆனால் நாளை எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

'ஸ்டீராய்டு' என்றாலே பயமாக இருக்கிறதே?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாதக்கணக்கில் அடிக்கக் கூடாத ஸ்பிரேயை நாம் பயமில்லாமல் அடிக்கிறோம். மருத்துவர் மாதக்கணக்கில் அடிக்கச் சொல்லும் ஸ்பிரேயைப் பெயரைக் கேட்டே ஒதுக்கி வைக்கிறோம்.

நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கும் அலர்ஜி அடைப்புக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே முக்கியமான சிகிச்சை. ஊசியாகவோ மாத்திரையாகவோ எடுக்கும் ஸ்டீராய்டு மாதிரி இது உடம்பு முழுக்கப் பரவுவதில்லை. மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன் போன்றவை சரியான அளவில் அடிக்கும்போது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

பக்கவிளைவே இல்லையா என்றால், இருக்கிறது. மூக்கு வறட்சி, எரிச்சல், லேசான ரத்தக்கசிவு வரலாம். கண் அழுத்த நோய் அல்லது கண்புரை இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குழந்தைகள் நீண்ட நாள் பயன்படுத்தினால் உயர வளர்ச்சியை மருத்துவர் கவனித்து வருவார். பலர் செய்யும் தப்பு வேறு. 3 நாள் அடித்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவது. இந்த மருந்துக்குப் பொறுமை வேண்டும், தினமும் அடிக்க வேண்டும்.

சரி, எப்படி அடிக்க வேண்டும்?

தலையை அண்ணாந்து, சர்ரென்று உறிஞ்சுவதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த முறை. அப்படிச் செய்தால் மருந்து தொண்டைக்குள் இறங்கிவிடும். சரியான முறை இது:

1. மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். தேவைப்பட்டால் சலைனால் கழுவிவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள்.

2. புது பாட்டில் என்றால், சீரான சாரல் வரும்வரை காற்றில் சில முறை அழுத்துங்கள். குலுக்கச் சொல்லி லேபிளில் இருந்தால் குலுக்குங்கள்.

3. தலையை லேசாக முன்னால் குனியுங்கள். அண்ணாந்து பார்க்காதீர்கள்.

4. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. இப்படிப் பிடித்தால் முனை தானாக வெளிப்பக்கம் திரும்பும். அந்தப் பக்கத்துக் காதை நோக்கி அடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கின் நடுத்தண்டில் நேராக அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும்.

5. அடிக்கும்போது மெதுவாக மூச்சை இழுங்கள். உறிஞ்ச வேண்டாம்.

6. முனையைத் துடைத்து மூடி வையுங்கள். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, தம்பியாக இருந்தாலும்.

மூக்கு கழுவும் தண்ணீரில் கவனம்

சலைன் கழுவல் நல்லது. ஆனால் குழாய்த் தண்ணீரை நேரடியாக மூக்கில் விடக் கூடாது. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா கலந்த தண்ணீர் வயிற்றுக்குள் போனால் அந்தத் தொற்று வராது. மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும், பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை நேத்தி குவளையில் ஊற்றி மூக்கு கழுவிய 2 பேர் இறந்தார்கள். பக்கத்தில் கேரளாவில் 2024-ல் இதே வகை அமீபா மூளைத் தொற்றால் சிறுவர்கள் உயிரிழந்தது நினைவிருக்கும்.

நோய் அரிது. தடுப்பது அதைவிடச் சுலபம். தண்ணீரைத் தளதளவென்று 1 நிமிஷம் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். 6,500 அடிக்கு மேல் உள்ள ஊர்களில் 3 நிமிஷம். ஊட்டிக்காரர்கள் கவனிக்க. கேன் தண்ணீராக இருந்தாலும் ஆர்.ஓ. தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைத்துவிடுங்கள்.

யார் கேட்காமல் தொடக் கூடாது?

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்கள், சில வகை மனச்சோர்வு மருந்துகள் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் ரத்தக்குழாயைச் சுருக்கும் ஸ்பிரேயை மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. பெரியவர்களின் ஸ்பிரேயைக் குழந்தைக்கு அடிக்கவே கூடாது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பாட்டில் கைக்கு எட்டக் கூடாது. இந்த வகை மருந்தை 1 முதல் 2 மில்லி விழுங்கினாலே குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-லேயே எச்சரித்தது. அப்படி நடந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வருவது?

நிறுத்துவதுதான் சிகிச்சை. நிறுத்திய முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். மருத்துவர்கள் பொதுவாக ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கிவிட்டுப் பழைய ஸ்பிரேயை நிறுத்தச் சொல்வார்கள். ஒரேயடியாக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி: முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் நிறுத்துவது. அந்தப் பக்கம் தானாகத் திறக்க ஆரம்பித்ததும் மறுபக்கத்துக்கும் நிறுத்துவது. எனக்குக் கைகொடுத்தது இதுதான். முதல் 4 ராத்திரி உயரத் தலையணை, சலைன், எரிச்சல். பத்து நாள் கழித்து ஒரு பக்கம் திறந்தபோது, பல மாதம் கழித்து வெறும் காற்றை இழுத்தேன்.

ஆனால் ஸ்பிரேயை நிறுத்துவதோடு கதை முடியாது. முதலில் எதற்காக மூக்கு அடைத்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அலர்ஜியா, மூக்குத்தண்டு வளைவா, உள்ளே சதை வளர்ந்திருக்கிறதா? ஸ்பிரே இத்தனை நாள் மறைத்துவைத்தது அந்தக் காரணத்தைத்தான்.

எப்போது தாமதிக்கவே கூடாது?

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கடுமையான தலைவலியோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து ரத்தம் கலந்த சளி. இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு முகம் மரத்துப்போவதோ மூக்கில் கருப்புப் படலமோ தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். 2021-ல் கருப்புப் பூஞ்சை நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

இப்போது ஒரு சின்ன வேலை. உங்கள் பையில் இருக்கும் ஸ்பிரேயை எடுத்து மருந்தின் பெயரைப் படியுங்கள். ஆக்சிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்று இருந்தால், முதலில் அடித்த தேதியை பாட்டில் மேலேயே பேனாவால் எழுதுங்கள். அந்தத் தேதி நினைவுக்கே வரவில்லை என்றால், மருத்துவரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.