ஆதாரம் அலமாரியில், அபராதம் நம் தலையில்

2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாட்காஸ்ட் நடத்திக்கொண்டிருந்த பலருக்கு டெக்சாஸிலிருந்து மிரட்டல் கடிதம் வந்தது. தொடர் நிகழ்ச்சி ஒன்றின் பகுதிகளை வரிசையாக இணையத்தில் ஏற்றுவது, புதிய பகுதி வந்ததும் பட்டியலைப் புதுப்பிப்பது, கேட்பவர் அதைத் தன் கருவியில் இறக்கிக்கொள்ள வழிசெய்வது ஆகிய எல்லாம் சேர்ந்த முறைக்கு நாங்கள் காப்புரிமை வைத்திருக்கிறோம், உரிமம் வாங்காமல் நடத்த முடியாது என்றது கடிதம். அனுப்பியது பர்சனல் ஆடியோ என்ற நிறுவனம். பாட்காஸ்ட் என்பதே அவ்வளவுதானே? ஆகவே உலகில் யார் பாட்காஸ்ட் நடத்தினாலும் கப்பம் கட்ட வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள்.

இத்தனைக்கும் அந்த நிறுவனம் ஒரு பாட்காஸ்ட்கூட நடத்தியதில்லை. அதன் நிறுவனர் 1990-களில் அவரவர் விருப்பத்துக்கேற்ற ஒலி நிகழ்ச்சிகளைத் தரும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். அது கைகூடவில்லை. கடைசியில் பத்திரிகைக் கட்டுரைகளை வாசித்துக் கேசட்டில் பதிந்து விற்றார். கருவி வரவில்லை, காகிதம் மட்டும் மிஞ்சியது: 1996 அக்டோபர் 2 அன்று தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பம். அதன் தொடர்ச்சியென்று 2009-இல் இன்னொரு விண்ணப்பம் போட்டார்கள். 2012 பிப்ரவரியில் 8,112,504 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. பாட்காஸ்ட் ஊரெல்லாம் பரவிய பிறகு அதைப் பார்த்து உரிமைக் கோரிக்கையை எழுதி, 1996-ஆம் ஆண்டின் தேதியை அதற்குச் சூட்ட அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. இதைத் தந்திரம் என்று நான் சொல்வேன். வக்கீல்கள் நடைமுறை என்பார்கள்.

நகைச்சுவைக் கலைஞர் ஆடம் கரோலா மீதும் சி.பி.எஸ். தொலைக்காட்சி மீதும் கிழக்கு டெக்சாஸ் நீதிமன்றத்தில் வழக்குப் பாய்ந்தது. காப்புரிமை வழக்கு என்றால் அமெரிக்காவில் லட்சக்கணக்கான டாலர் செலவு. தோற்றால் நஷ்ட ஈடு, ஜெயித்தாலும் வக்கீல் கட்டணம். இதனால்தான் பலர் வாதாடாமலேயே பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்குகிறார்கள். கரோலா ரசிகர்களிடம் நிதி திரட்டிக்கொண்டு நின்றார், 2014 ஆகஸ்டில் சமரசமானது. அடுத்த மாதமே சி.பி.எஸ். 13 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது.

இதற்கிடையில் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற பொதுநல அமைப்பு மக்களிடம் கையேந்தியது. கேட்டது 30,000 டாலர். வந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பணத்தில் 2013 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலேயே ஒரு மனு போட்டார்கள்: இந்தக் காப்புரிமையைத் தந்ததே தவறு, திரும்பப் பரிசீலியுங்கள்.

மனுவுக்கு முதுகெலும்பாக இருந்தவை இரண்டு ஆவணங்கள். ஒன்று, 1995-இல் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) ஒரு மாணவர் சமர்ப்பித்த ஆய்வேடு. பள்ளிகளுக்காகச் சி.என்.என். தயாரித்த நியூஸ்ரூம் செய்தி நிகழ்ச்சியைத் துண்டு துண்டாகப் பிரித்து, நாள்தோறும் இணையத்தில் ஏற்றி, உள்ளடக்கப் பட்டியலையும் புதுப்பித்துத் தந்த ஏற்பாட்டை அவர் விவரித்திருந்தார். இன்னொன்று, கனடாவின் பொது வானொலியான சி.பி.சி. தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் வைத்துப் பார்த்த சோதனை பற்றி ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை. இரண்டுமே 1996 அக்டோபருக்கு முந்தியவை. அவற்றை எழுதியவர்கள் யாரையும் எதிர்த்து எழுதவில்லை. செய்ததைச் செய்தபடி, தேதியோடு எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான்.

2015 ஏப்ரலில் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை வாரியம், பாட்காஸ்டைக் குறிவைத்த அந்தக் கோரிக்கைகள் செல்லாது என்றது. 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சி.பி.எஸ்.ஸுக்கு எதிராகப் பெற்ற 13 லட்சம் டாலர் தீர்ப்பும் அதோடு சரிந்தது. 2020-இல் அந்த வழக்கும் முடிந்தது.

இந்த வெற்றிக்கு இடம் முக்கியமான காரணம். அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு காப்புரிமையை உடைக்க வேண்டுமானால் தெளிவான, ஐயத்துக்கு அதிகம் இடமில்லாத சான்று வேண்டும். 2011-இல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. காப்புரிமை அலுவலக வாரியத்திலோ எந்தப் பக்கம் தராசு சற்றுத் தாழ்கிறதோ அதுவே போதும். அதோடு, கடிதம் வாங்காதவர்களும் அங்கே மனு போடலாம். பாட்காஸ்ட் வழக்கில் மனு போட்ட அமைப்பின் மேல் யாரும் வழக்குத் தொடுத்திருக்கவில்லை. இந்த வழியை 2012 செப்டம்பரில்தான் திறந்தார்கள். இப்போது அதையும் இறுக்கப் பார்க்கிறார்கள். 2025 அக்டோபரில் இத்தகைய மனுக்களை ஏற்பதற்குக் கடும் நிபந்தனைகள் போடும் விதிகளை அந்த அலுவலகம் முன்மொழிந்தது.

எம்.ஐ.டி. நூலகத்தில் இருந்த ஆய்வேடு காப்புரிமை தந்த அதிகாரியின் கண்ணில் ஏன் படவில்லை? அவரைத் திட்டிப் பயனில்லை. ஒரு விண்ணப்பத்தைப் படித்து, தேடி, ஆராய்ந்து முடிவெடுக்க அங்கே ஓர் அதிகாரிக்குச் சராசரியாகக் கிடைப்பது இருபது மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் அவர் பழைய காப்புரிமைகளைத் துருவுவார், ஏனென்றால் அவைதான் அவர் கையெட்டும் தூரத்தில் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. மென்பொருள் உலகம் தன் கண்டுபிடிப்புகளை அங்கே எழுதி வைக்கவில்லை. மாநாட்டுக் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் பயனர் கையேடுகளிலும் நிரலுக்குள் எழுதிய குறிப்புகளிலும் எழுதி வைத்திருக்கிறது.

எழுதி வைத்தால் மட்டும் போதாது, தேடினால் கிடைக்க வேண்டும். இதற்கு அமெரிக்காவிலேயே இரண்டு பழைய தீர்ப்புகள் உண்டு. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரே ஒரு பிரதியாக இருந்த ஆய்வேடு, நூலகப் பட்டியலில் முறையாக ஏறியிருந்ததால் சான்றாகச் செல்லும் என்று 1986-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வழக்கு 1989-இல். ஆரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரி மாணவர்கள் மூவரின் ஆய்வேடுகள் சான்றாக வந்தன. அவற்றுக்கான அட்டைகள் மாணவர் பெயர் வரிசையில் மட்டும் இருந்தன, அதில் ஒரு தொகுதி காலணிப் பெட்டிக்குள். பொருளை வைத்துத் தேடுகிறவர் மாணவரின் பெயரை எப்படி அறிவார் என்று கேட்டு, அவை வெளியிடப்பட்டதாகவே ஆகாது என்றது நீதிமன்றம். ஆராய்ச்சி நடந்தது உண்மை, எழுதியது உண்மை, தேதியும் உண்மை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது இல்லாத பொருள்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்க் கதைக்கு வர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, துறைத் தலைவரின் கையெழுத்து. வைவா முடிந்ததும் ஒரு பிரதி துறை அலமாரிக்குப் போகும். சில ஆண்டுகளில் இடமில்லை என்று பழைய பேப்பர்காரருக்கும் போகும். அவற்றில் பாதி நகல், ஒத்துக்கொள்கிறேன். மீதியில் பயிர் நோயைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் நிரலும், தமிழ்க் கையெழுத்தை வாசிக்கும் முறையும், பேருந்து வரும் நேரத்தைக் கணிக்கும் வழியும் உண்டு. நாளைக்கு யாரோ இவற்றில் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டு நம் பிள்ளைகளின் கம்பெனிக்கே நோட்டீஸ் அனுப்பினால், எதை எடுத்துக் காட்டுவோம்? முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்காவது சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதியின் பலன் அது. பி.இ., எம்.இ., எம்.சி.ஏ. மாணவர்களின் உழைப்புக்கு அப்படிப் பொதுவான ஒன்று இல்லை.

‘இந்தியாவில்தான் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடையாதே’ என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பாதிதான் சரி. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறை, வணிக முறை, கணினி நிரல் ‘அதன் அளவில்’, அல்காரிதம் ஆகியவற்றை விலக்குகிறது. 2004 இறுதியில் ஓர் அவசரச் சட்டம் இந்த விலக்கைத் தளர்த்தியது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்காமல் பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டது. ஆனால் ‘அதன் அளவில்’ என்ற அந்தச் சிறு சொல் வழியாகத் திரும்பவும் ஆட்கள் உள்ளே வருகிறார்கள். கண்டுபிடிப்பு தொழில்நுட்ப விளைவைக் காட்டினால் வெறும் நிரல் என்று ஒதுக்கக் கூடாது என்று 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. விண்ணப்பத்தை எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த வாசல் போதும். அப்படி உள்ளே வருவதைத் தடுக்க மிஞ்சுவது, இது ஏற்கெனவே வெளியான சங்கதி என்று காட்டும் ஆவணம்தான்.

அதைக் காட்ட அருமையான வழி ஒன்று நம் சட்டத்திலேயே இருக்கிறது. 25(1) பிரிவின்படி, விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை தருவதற்கு முன்பு, யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை, நோயாளிகள் அமைப்பு ஒன்றின் எதிர்ப்பையும் கேட்டு 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் பெடாகுவிலின் மாத்திரையின் ஏகபோகம் நீளாமல் தடுத்ததும் இதே வழியில், 2023 மார்ச்சில், மும்பை அலுவலகத்தில்.

அந்த வழியின் வாசலில் இப்போது டோல்கேட் வைத்துவிட்டார்கள். 2024 மார்ச் 15 அன்று வந்த திருத்த விதிகள், அதுவரை இலவசமாக இருந்த இந்த எதிர்ப்புக்குக் கட்டணம் விதித்தன. எதிர்ப்பை விசாரணைக்கு எடுப்பதா வேண்டாமா என்பதைக் கட்டுப்பாட்டு அதிகாரி முதலில் முடிவு செய்வார் என்றும் வைத்தன. எதை அளவுகோலாக வைத்து முடிவெடுப்பார் என்பது விதியில் தெளிவாக இல்லை. அரசுத் தரப்பு நியாயம் ஒன்று உண்டு: போட்டி நிறுவனங்கள் பினாமி ஆட்களை வைத்து எதிர்ப்புமேல் எதிர்ப்பாகப் போட்டு, விண்ணப்பங்களை இழுத்தடித்தன. உண்மைதான். ஆனால் பினாமி வைக்கிற கம்பெனிக்கு இந்தக் கட்டணம் டீச் செலவு. கையில் ஒரு பழைய கட்டுரையை வைத்துக்கொண்டு நிற்கும் கல்லூரி ஆசிரியருக்குத்தான் அது தடை.

மற்ற நாடுகளைப் பாருங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும், பெயர் சொல்லாமல்கூட, பைசா செலவில்லாமல் ஆவணத்தை அனுப்பி வைக்கலாம். அமெரிக்காவில் காப்புரிமை தருவதற்கு முன் வெளியாள் அனுப்பும் முதல் மூன்று ஆவணங்களுக்குக் கட்டணமில்லை. பணக்கார நாடுகள் இலவசமாகக் கேட்டு வாங்கும் தகவலை நாம் காசு வாங்கிக்கொண்டு ஏற்கிறோம்.

மஞ்சள் கதை எல்லாருக்கும் தெரியும். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை தந்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு 1953-ஆம் ஆண்டு மருத்துவ இதழ்க் கட்டுரை உட்பட 32 ஆவணங்களைக் காட்டி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. அங்கே அரசு நிறுவனம் ஒன்று தோள் கொடுத்தது. பிறகு மூலிகை அறிவுக்கென்று ஒரு மின்நூலகமே எழுந்தது. மென்பொருளுக்கு அப்படிக் காவல் நிற்க நாட்டில் ஆள் இல்லை. சிறு நிறுவனம் தனியாக நிற்கிறது, நோட்டீஸைப் பார்த்ததும் பணிந்துவிடுகிறது.

மத்திய அரசு 2024 விதியைத் திருத்த வேண்டும். தனிநபர், மாணவர், ஆசிரியர், பொதுநல அமைப்பு ஆகியோரின் எதிர்ப்புக்குக் கட்டணம் இருக்கக் கூடாது. பினாமிகளைத் தடுக்க, யாருக்காக வந்திருக்கிறார் என்று உறுதிமொழி வாங்கினால் போதும். வழக்காட விரும்பாமல் ஆவணத்தை மட்டும் தர நினைப்பவருக்கு இணையத்தில் ஓர் இலவசச் சாளரம் திறக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, மனம் வைத்தால் விதி மாற்றமே போதும்.

தமிழ்நாடு அரசும் அண்ணா பல்கலைக்கழகமும் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாணவர் சம்மதத்தோடு புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைத் தேதியிட்டு, பொருள்வாரியாகத் தேடும் வசதியோடு, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றலாம். கோப்பு ஏற்கெனவே பி.டி.எஃப். ஆகத்தான் இருக்கிறது. சொந்தமாகக் காப்புரிமை கேட்க எண்ணும் மாணவருக்கு, விண்ணப்பிக்கும்வரை நிறுத்தி வைக்கும் சலுகை கொடுக்கலாம்.

இந்தியக் காப்புரிமை இதழ் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை வெளியாகிறது, இணையத்தில் இலவசம். கணினித் துறையில் இருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது அதைப் புரட்டுங்கள். நீங்கள் பத்தாண்டுக்கு முன் படித்த கட்டுரையோ எழுதிய நிரலோ வேறொருவர் பெயரில் அங்கே தென்பட்டால், தேதி உள்ள பிரதியைத் தேடி எடுங்கள். விண்ணப்பம் வெளியாகி ஆறு மாதம் முடிவதற்குள் காப்புரிமை தர முடியாது. அந்த ஆறு மாதத்துக்குள், விண்ணப்பம் தாக்கலான காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள்.