ரேஷன் பருப்பு வராத மாசம்... கூலி வீட்டில் ரூ.195 துண்டு!

விருத்தாசலம்: பீங்கான் பொம்மை செய்யும் தொழிலாளி வீடுகளில் மாத பட்ஜெட்டை முடிவு செய்வது ரேஷன் கடைதான். அரிசிக்கு 2011 முதல் காசு கிடையாது. இடிப்பது குழம்புச் செலவு!

2007ல் வந்த சிறப்பு பொது வினியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ ரூ.30, பாமாயில் லிட்டர் ரூ.25. வெளிக்கடையில் பருப்பு ரூ.150, பாமாயில் ரூ.100 என்று வைத்தால், ரூ.250 சரக்கு ரூ.55க்கு கிடைக்குது. மிச்சம் ரூ.195.

சிக்கலே சரக்கு வராத மாதத்தில்தான். 2024 மே மாதம் பல கடைகளில் ரெண்டுமே கிடைக்கவில்லை. ஜூனில் வாங்கிக்கலாம்னு அரசு அறிவித்தது. அதுவரை அடுப்பு காத்திருக்குமா? கையில் மொத்தமாக காசு இல்லாதவர்கள் அன்னாடம் சின்ன பாக்கெட்டாக வாங்குகிறார்கள். கிலோ கணக்கு போட்டால் அதுதான் அதிக விலை! இரண்டு முறை கடைக்கு அலைந்தால் அரை நாள் கூலியும் போச்சு.

வழி என்ன? சரக்கு வரும் மாதம் கால் கிலோ பருப்பை எடுத்து வைத்து, வாரம் ஒரு நாள் புளிக்குழம்போடு முடித்துக்கொண்டால், 4 மாதத்தில் ஒரு கிலோ கைவசம். சரக்கு வரும் தேதியை கடை போர்டில் எழுதிப் போட்டால் அலைச்சலும் மிச்சம்.