மழலைக் கைவண்ணம்: ஆப்பிளுக்குள் ஒரு நட்சத்திரம்

 

செப்டம்பர் பிறந்துவிட்டால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இலையுதிர் காலம் தொடங்கிவிடும். 'ஹருத்' என்பது அம்மக்கள் இப்பருவத்திற்கு இட்டுள்ள பெயர். சினார் மரங்களின் இலைகள் தணலெனச் சிவக்கும். சோபோர், ஷோபியான் தோட்டங்களில் ஆப்பிள்களைப் பறித்துப் பெட்டிகளில் அடுக்குவர். அவை லாரியேறி வந்து நம் ஊர்க் கடைத்தெருவிலும் குவிகின்றன. நம் நாட்டில் மாசி, பங்குனியில் இலை உதிர்வதையே பார்த்திருக்கும் மழலைக்கு, இப்படியும் ஒரு பருவம் உண்டு என்று எடுத்துச் சொல்ல இப்பழத்தைவிட வேறென்ன வேண்டும்?

மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கான இரு கைவேலைகளை இம்மாதம் காண்போம்.

அதற்குமுன் ஒரு தயக்கத்தைத் தீர்த்துக் கொள்வோம். உண்ணும் பொருளை விளையாட்டுக்குப் பயன்படுத்துவது வீண்விரயமாகாதா? ஆகும், நல்ல பழத்தைச் சாயத்தில் தோய்த்துக் குப்பையில் எறிந்தால் நிச்சயமாக ஆகும். கீழே விழுந்த கவளத்தையும் எடுத்துத் துடைத்து உண்ணும்படி கற்பித்தவர்கள் நம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஆகவே, அடிபட்டோ அழுகத் தொடங்கியோ உண்ண இயலாமற்போன பழத்தையே இதற்கு எடுங்கள். அத்தகைய பழம் இல்லையெனில் உருளைக்கிழங்கின் முளைவிட்ட, பச்சை நிறமேறிய பகுதியில் ஆப்பிள் வடிவம் செதுக்கிக் கொள்ளலாம்.

1. நட்சத்திர அச்சு: நாம் வழக்கமாக ஆப்பிளைக் காம்பிலிருந்து கீழ்நோக்கி நறுக்குகிறோம். இன்று படுக்கைவாட்டில் குறுக்கே நறுக்குங்கள். நடுவே ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று தென்படும்! பிள்ளையின் கண்கள் வியப்பால் விரிவதைக் காண்பீர்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, சிவப்புச் சாயத்தைத் தட்டில் மெல்லப் பரப்பித் தோய்த்து, வெள்ளைத் தாளில் அழுத்தச் சொல்லுங்கள். காய்ந்தபின் பச்சைத் தாளில் இலையும் காம்பும் வெட்டி ஒட்டலாம்.

நட்சத்திரத்தின் முனைகளைத் தொட்டுத் தொட்டு ஸுப்ஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என எண்ணச் செய்யுங்கள். இது எண்ணிப் பழகுவதற்கான வழியே; இதை அற்புதம் என்று கற்பித்துவிட வேண்டாம். ஆப்பிள் பூவுக்கு இதழ்கள் ஐந்து, கனியினுள் விதையறைகளும் ஐந்து. படைத்தவன் அமைத்த ஒழுங்கு அது. விதைகளை மட்டும் நீங்களே அகற்றிவிடுங்கள். அவற்றை மெல்லுவது நல்லதன்று.

2. காகித ஆப்பிள்: காகிதக் கூழால் பொருள்கள் செய்யும் கலையில் காஷ்மீர் பெயர் பெற்றது. பதினான்காம் நூற்றாண்டில் அங்கு வந்த மார்க்க மேதை மீர் ஸெய்யித் அலீ ஹமதானீ (ரஹ்) அவர்களோடு இணைத்தே அக்கலையின் வரவைப் பேசுவர். ஊறிய காகிதத்தை இடித்து, அரிசிப் பசை சேர்த்து, அச்சில் பதித்து உலர்த்தி, வண்ணந்தீட்டுவது அவர்களின் முறை. நமக்கு ஆறிய சோற்றுக் கஞ்சி போதும். பழைய நாளிதழைப் பந்தாகக் கசக்கி, நூலால் சுற்றி, கஞ்சியில் நனைத்த காகிதத் துண்டுகளை மூன்று அடுக்காக ஒட்டுங்கள். மேற்புறத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக் குழியாக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தியபின் சிவப்பு பூசலாம். காம்புக்கு ஓர் ஈர்க்குத் துண்டு.

ஓர் எச்சரிக்கை: கிழிக்குமுன் தாளை ஒருமுறை பாருங்கள். இறைத்திருநாமமோ திருமறை வசனமோ அச்சாகியிருந்தால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதைப் பார்க்கும் பிள்ளையும் அக்கண்ணியத்தைக் கற்றுக்கொள்ளும்.

உருவம் வரைவது குறித்து ஐயுறும் தாய்மார்களும் உள்ளனர். படம் தீட்டித்தான் ஆகவேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றவற்றையும் தீட்டுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்தியது புகாரீயில் பதிவாகியுள்ளது. கனியும் இலையும் தாராளமாகத் தீட்டலாம்.

வேலைக்கிடையே "ஆதம் நபி சாப்பிட்டது இந்தப் பழந்தானா, உம்மா?" என்று பிள்ளை கேட்கக்கூடும். திருக்குர்ஆன் 'இம்மரம்' என்றே கூறுகிறது. எம்மரமெனப் பெயர் குறிப்பிடவில்லை. "அல்லாஹ்வே நன்கறிந்தவன், கண்ணே" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் தாயிடமிருந்து பிள்ளை உண்மையைக் கற்கிறது.

சாயம் சிந்தும், தரை அழுக்காகும். கடிந்து கொள்ளாதீர்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் காட்டும் ஆயிரம் ஆப்பிள்களைவிட, தாயின் அருகமர்ந்து தன் கையால் செய்த கோணல் ஆப்பிள் ஒன்றே பிள்ளையின் நெஞ்சில் தங்கும். வாப்பா வீடு திரும்பியதும் அதைக் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நல்ல பழம் ஒன்றை நறுக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி, எல்லோரும் பகிர்ந்துண்ணுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.