வெள்ளைக்காரி மிதித்தால் சாதனை, நம் வீட்டுப் பெண் மிதித்தால் வெட்கமா?



கடந்த பாடசாலை விடுமுறையில் நாங்கள் இருவரும் பதுளையிலிருந்து கொழும்புக்கு சைக்கிளில் போனோம். முதல் நாள் எடுத்த படம் ஒன்று ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அதன் கீழே வந்த பேச்சுக்களுக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் அந்த நாளைச் சொல்கிறோம். ஹாலிஎல, தெமோதர, பண்டாரவளை, பின் அப்புத்தளை. ஏறக்குறைய 40 கிலோமீற்றர். பதுளை 680 மீற்றர் உயரம், அப்புத்தளை 1,400க்கு மேல். ஏறக்கூடிய இடத்தில் மிதித்தோம், முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினோம். அஸருக்குப் பின் போய்ச் சேர்ந்தோம். அவ்வளவுதான் நடந்தது.

இதே பாதையில் வெள்ளைக்காரத் தம்பதிகள் மூட்டை கட்டிய சைக்கிளில் எல்லவுக்கு ஏறும்போது நாம் என்ன செய்கிறோம்? கை காட்டுகிறோம், தேநீர் கொடுக்கிறோம், செல்ஃபி எடுக்கிறோம். அதே ஏற்றத்தில் ஹிஜாப் அணிந்த டீச்சர் ஏறினால் மட்டும் “குடும்பப் பெண் செய்கிற வேலையா?” என்று கேட்கிறோம்.

“மார்க்கத்தில் இடமில்லை” என்றார் ஒருவர். பக்கத்தில் வந்தது கணவன். இதைவிட எந்த மஹ்ரம் வேண்டும்? நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. முதல் தடவை வென்றவர் ஆயிஷா (ரழி).

“உடுப்பு சரிவராது” என்றார் இன்னொருவர். 1890களின் கடைசியில் ஃபானி வேர்க்மன் என்ற அமெரிக்கப் பெண், கணவர் வில்லியமோடு இலங்கையிலும் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கான மைல் சைக்கிளில் சுற்றினார். அவர் அணிந்திருந்தது நீளப் பாவாடை. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் மூலம் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். முஸ்லிம் பெண்களும் பழகினார்கள். அங்கேயும் ஊர் வாய் பேசியது. பெண்கள் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள், வாய் ஓய்ந்துவிட்டது.

“மலைநாட்டுக்கு சைக்கிளா?” என்ற கேள்வி மட்டும் நியாயமானது. ஏற்றம் கடினம்தான், தோட்டப் பாதைகள் குண்டும் குழியும்தான். ஆனால் அதே பாதையில் நம் பிள்ளைகள் ஏற்கனவே நடக்கிறார்கள். பல தோட்டப் பாடசாலைகள் தரம் 5 உடன் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் படிக்க டவுனுக்கு வர வேண்டும். பஸ் தவறினால் அன்றைய பாடம் போச்சு. த்ரீவீலருக்குக் கொடுக்க கொழுந்து பறிக்கும் தாயிடம் காசு இல்லை. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனாலும், சமதரையிலும் இறக்கத்திலும் மிஞ்சுகிற நேரம் அவளுடைய நேரம்.

தெமோதரவுக்கு மேலே ஒரு தோட்டத்துச் சந்தியில் பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி எங்கள் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தாள். “எனக்கு ஓட்டத் தெரியும் டீச்சர். ஆனா ஊர் சிரிக்கும்” என்றாள். அவளைத் தடுப்பது மலை அல்ல, நாம்தான். படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியது எங்களை ஒன்றும் செய்யாது. அதை வாசிக்கிற மகள்மாருக்குத்தான் அது பூட்டு.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், தோட்டத்துக் கோயில் கமிட்டிகளுக்கும் ஒரே வேண்டுகோள். வருடா வருடம் கொப்பியும் புத்தகப் பையும் கொடுக்கிறீர்கள், நன்றி. அடுத்த ஜனவரியில் தூரத்திலிருந்து வரும் பெண் பிள்ளைகள் பத்துப் பேருக்காவது சைக்கிள் கொடுங்கள். பழக்கிவிட நாங்கள் இருவரும் சனிக்கிழமைகளில் வருகிறோம்.

சிரிக்க நினைப்பவர்கள் முதலில் ஹாலிஎல வரை மிதித்துவிட்டு வாருங்கள்.