பரிசோதனைக்கு அஞ்சுவானேன்?

அத்திப்பட்டு ஆலைகளிலும் எண்ணூர் துறைமுகச் சாலை லாரிகளிலும் உழைத்துப் பிழைக்கும் தோழர்களிடம், "எச்.ஐ.வி. பரிசோதனை செய்து கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால், "நம்மை என்ன ஒழுக்கங்கெட்டவன் என்றா நினைத்தாய்?" என்ற கோபமே முதலில் வரும். அதை அவர்கள் குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். வியாதி என்பது செய்த பாவத்தின் பலன் என்று தலைமுறை தலைமுறையாய்ப் புகட்டி வைத்ததன் விளைவே அது.

இந்நோய் இந்நாட்டை அண்டாது, நமது புராதன நாகரிகமே வேலியாய் நிற்கும் என்று 1986-க்கு முன் படித்தவர்களே பெருமை பேசினார்கள். அவ்வருஷம் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன் அவர்களின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பலருடைய இரத்தத்தைச் சேகரித்துத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே காத்து வைத்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். வேலி என்னவாயிற்று?

அன்று வேலூர் வரை போகவேண்டியிருந்த வேலையை இன்று விரல் நீளப் பட்டை ஒன்று செய்கிறது. கிருமி புகுந்தால் உடம்பு அதை எதிர்க்கத் தனிப்பட்ட புரதத்தை உண்டாக்குகிறது. பல பட்டைகளில், அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய தங்கத் துகள்கள் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இத்துகள்கள் அதில் சில பத்துகளே. அவ்வளவு சிறிதானால் தங்கம் சிவப்பாய்த் தெரியும் என்பதை மைக்கேல் பாரடே 1857-லேயே விளக்கினார். எதிர்ப்புரதம் இரத்தத்தில் இருந்தால், துகள்கள் அதனுடன் ஓரிடத்தில் சிக்கிச் சேர்ந்து சிவப்புக் கோடாய் எழும். எல்லாம் சுமார் இருபது நிமிஷ வேலை. சாமி தலையில் சும்மா கிடக்கும் தங்கம், இங்கே கண்ணுக்குத் தெரியாத தூளாகி உயிர் காக்கிறது.

நிற்க, பட்டையையும் கும்பிடும்படி நாம் சொல்லவில்லை. கிருமி புகுந்த சில வாரங்கள் வரை கோடு எழாமலிருக்கலாம். ஆதலால் சந்தேகமிருந்தால் மறுபடி சோதிக்க வேண்டும். கோடு எழுந்தாலும் வேறு சோதனைகளால் ஒத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்லுவார்கள். தன் சொல்லின் மேலேயே சந்தேகப்படும் யோக்கியதை எந்த ஜோசியனுக்கு உண்டு?

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இப்பரிசோதனை நடக்குமிடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். கேள்வி கேட்காமல் நம்பச் சொல்லும் இடங்கள் நாட்டில் ஏராளம். சோதித்துப் பார்க்கச் சொல்லும் இந்த இடத்துக்கோ மக்கள் ஒளிந்து போகிறார்கள்! பரிசோதனை இலவசம். 2004 முதல் மருந்தும் இலவசமாய்க் கிடைக்கிறது. காலத்தில் கண்டு ஒழுங்காய் மருந்துண்பவர் நெடுநாள் வாழலாம். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அன்றியும், சம்மதமின்றிச் சோதிப்பதையும், கிருமி உண்டென்பதற்காகவே வேலையை விட்டு விலக்குவதையும் 2017-ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது. தொழிலாளர் சங்கங்கள் இதை ஆலை வாசலிலும் லாரி நிறுத்தங்களிலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பட்டை கிருமி உண்டா இல்லையா என்பதைத்தான் சொல்லும். ஒருவனுடைய ஒழுக்கத்தை அதில் படிப்பது ஊர் வாய். அந்த வாயை அடைப்பது நம்முடைய வேலை.