அரசியரும் அவதூறும்

ஆணொருவன் நாடாண்டால், அவன் நடத்திய போர்களையும் வெட்டிய குளங்களையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். பெண்ணொருத்தி நாடாண்டாலோ, அவளுடைய பள்ளியறை வாயிலில் போய் நின்றுகொள்கிறோம். இராணி மங்கம்மாளைப் பற்றி நம்மிடையே வழங்கும் பேச்சே இதற்குச் சான்று.

கணவர் சொக்கநாத நாயக்கர் 1682-இலும், மகன் முத்துவீரப்பர் 1689-இலும் மறைந்தனர். பச்சிளம் பேரனின் பெயரால் மங்கம்மாள் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் மதுரை நாட்டை ஆண்டார். சாலைகள் அமைத்தார், சத்திரங்கள் கட்டினார். தென் மாவட்டங்களில் 'மங்கம்மாள் சாலை' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. முகலாயர் படை நெருங்கியபோது கப்பம் கட்டி நாட்டைக் காத்தார். சறுக்கலும் உண்டு. 1702-இல் இராமநாதபுரத்தின்மீது தொடுத்த போரில் தளவாய் நரசப்பையா மாண்டார், படை தோற்றது. ஆட்சியை எடைபோட விரும்புவோர் இவற்றையன்றோ தராசில் வைக்கவேண்டும்?

ஆனால் திண்ணைகளில் பேசப்படுவது வேறு. அமைச்சரோடு கள்ள உறவாம். பேரனே சிறையிலிட்டுப் பட்டினி போட்டுக் கொன்றானாம். செவிவழிக் கதைதான் இதற்கு ஆதாரம். அவர் செய்த அறத்தையும் இக்கதைகள் விட்டுவைக்கவில்லை. மறதியாய் இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்ட பாவத்திற்குப் பரிகாரமாகவே சாலை போட்டாராம்! பெண் செய்த நன்மைக்கும் ஒரு குற்றத்தையே வேராகக் காட்டவேண்டும் போலும்.

இந்நோய் நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. மங்கம்மாளுக்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன், கொன்ஸ்தாந்திநோப்பிளில் உரோமைப் பேரரசியாக வீற்றிருந்தவர் தெயோடோரா. அரங்கில் ஆடிப் பிழைத்த ஏழைப் பெண்; பேரரசர் ஜஸ்டீனியனின் மனைவியானார். 532-ஆம் ஆண்டுக் கலகத்தில் பேரரசர் ஓடிப்போக எண்ணியபோது, ஓடமாட்டேன் என்று நின்றவர் அவரே என வரலாறு கூறுகிறது. அவரைக் கூசத்தக்க சொற்களால் ஏசி மறைவாக நூலெழுதியவர் புரோகோப்பியுஸ். அந்நூல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1623-இல் அச்சேறியது. அதே எழுத்தர்தான், அரசவையினர் படிக்க எழுதிய மற்றொரு நூலில், விலைமகளிராய் விற்கப்பட்ட பெண்களுக்குத் தெயோடோரா அமைத்த மடத்தைப் போற்றுகிறார். ஒரே நாவு, இரண்டு சாட்சியங்கள்!

திருத்தந்தை சில்வேரியுஸ் 537-இல் பதவியிழந்து நாடுகடத்தப்பட்டதில் தெயோடோராவின் கை இருந்தது என்பது திருச்சபை வரலாற்றின் குற்றச்சாட்டு. நாம் அதனை மறைக்க வேண்டியதில்லை. அதுபற்றி வழக்காடலாம், அது ஆட்சியைப் பற்றிய வழக்கு. படுக்கையைப் பற்றிய வழக்கை எவர் தொடுத்தாலும் தள்ளிவிட வேண்டும்.

பழங்கதையை இப்போது ஏன் கிளறவேண்டும் எனக் கேட்பீர்கள். சிவகாசி வட்டாரத்தில் விடியுமுன் எழுந்து, பட்டாசு ஆலைக்குச் சென்று, திரி செருகியும் சரம் பின்னியும் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் பெண்கள். அவர்களுள் ஒருத்தி சுயஉதவிக் குழுவின் கணக்கைக் கையில் எடுத்தால், அன்பியத்தை முன்னின்று நடத்தினால், கூலியைக் குறித்து வாய்திறந்தால், அடுத்த வாரமே அவள் 'நடத்தை' பேசப்படுகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. நாற்காலியைச் சட்டம் தந்தது. நற்பெயரை ஊர் பறிக்கிறது. ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கும் நாவுகளும் அதற்குத் துணைபோகின்றன. அவதூறு பேசுவது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்பதை அறியாதவர்களா நாம்?

தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சூசன்னாவின்மீது பழி சுமத்தியவர்கள் தெருப்போக்கர்கள் அல்லர். மக்கள் மதித்த முதியோர், நடுவர்கள். ஊரே நம்பிற்று. இளைஞன் தானியேல் அவர்களைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் எனக் கேட்டான். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொன்றைச் சொன்னார். பொய் சரிந்தது.

நம் பங்குகளுக்கு இன்று தேவை அந்தக் கேள்வியே. ஒரு பெண்ணின் பெயர் நம் முன்னிலையில் இழுபடும்போது, தலையசைத்துக் கேட்டிருப்பது நடுநிலையன்று, அது உடந்தை. யார் கண்டார், எங்கே கண்டார், எந்த மரத்தடியில் கண்டார் என்று கேட்போம். விடை வாராத இடத்தில் பேச்சை நிறுத்துவோம். பேசியவரை அவளிடம் மன்னிப்புக் கேட்கச் செய்வோம்.